'டெட்லைன்' சிறையிலிருந்து நேராக வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வேலையை முடிக்கவேண்டிய கெடுவுக்குச் சொல்லும் 'டெட்லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு என்று ஒரு பத்தி வந்திருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு சிறை, அதற்கு அதிகாரியாக ஓர் அரக்கன், அவன் தரையில் கிழித்த ஒரு கோடு, தாண்டியவனுக்குத் துப்பாக்கிக் குண்டு, அந்தக் கோடுதான் இன்று பத்திரிகை அலுவலகத்தில் மணியடிக்கிறது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். சுவையாக எழுதியிருந்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிறையிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டார். தாவிய இடத்தில் சுமார் ஐம்பது ஆண்டு கிடக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளும். சுருக்கித்தான் போடவேண்டுமென்றால் அச்சு மிஷின் வரும் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சாத்தூர்ப் பக்கம் ஒரு ஜாப் பிரஸ்ஸில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்து, பிறகு சிலிண்டர் மிஷினுக்கு மாறி, ஆஃப்செட் வந்து ஈய எழுத்தெல்லாம் கிலோக் கணக்கில் எடைக்குப் போகும்வரை அந்த வேலையிலேயே கிடந்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கூட்டுறவுச் சங்க ரசீதுப் புத்தகம், எப்போதாவது ஒரு கும்பாபிஷேக மலர் என்று போகும் பிழைப்பு. ஆங்கிலத்தில் புலமை எதுவும் கிடையாது. ஆங்கில மேட்டர் கோக்கும்போது சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டியாக வேண்டும். அப்படிப் புரட்டப்போய்த் தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

முதலில் சிறை. ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்று ஓர் ஊர். தென்மாநிலப் படை 1864 பிப்ரவரியில் அங்கே வடமாநிலக் கைதிகளை அடைக்கத் தொடங்கியது. 10,000 பேருக்கென்று கட்டிய பட்டியில் அந்த ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கட்டடம் என்று ஒன்றும் இல்லை. மரமதிலைச் சுற்றி எழுப்பி, உள்ளே வெறும் மண்ணில் விட்டுவிட்டார்கள். கிடைத்த கந்தலைக் கூடாரமாகக் கட்டிக்கொண்டவன் பாக்கியவான். நடுவே ஓடிய ஒரு சிற்றோடைதான் குடிக்கவும், குளிக்கவும், மற்ற எல்லாவற்றுக்கும். போர் முடிவதற்குள் சுமார் 45,000 பேர் அங்கே அடைபட்டார்கள். ஏறக்குறைய 13,000 பேர் செத்தார்கள். வயிற்றுப்போக்கு, சீதபேதி, ஸ்கர்வி என்று நோயில் போனவர்களே மிகப் பெரும்பாலோர். கோட்டில் சுடப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் மிகச் சிறு பங்கு. உங்கள் பத்தியைப் படித்தால் அத்தனை பேரும் கோட்டைத் தாண்டித்தான் செத்தார்கள் என்று தோன்றும்.

அந்தக் கோடும் தரையில் கிழித்தது இல்லை. மதிலுக்கு உள்பக்கம் இருபது அடி அளவு தள்ளி, வரிசையாகக் குச்சிகளை ஊன்றி, அவற்றின் தலையில் மெல்லிய மரச்சட்டத்தை ஆணியடித்து ஓட்டியிருந்தார்கள். மதிலின்மேல் பரண் போட்டுக் காவலர்கள் நின்றார்கள். 1864 மே மாதத்திலேயே தென்மாநில ராணுவத்தின் சோதனை அறிக்கை ஒன்று இந்த மரச்சட்ட வேலியை 'டெட்லைன்' என்று குறிக்கிறது. போர் முடிந்ததும் சிறையின் அதிகாரி ஹென்றி விர்ஸ் மீது வாஷிங்டனில் ராணுவ விசாரணை நடந்தது. விர்ஸ் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அந்தக் குற்றப்பத்திரிகையில் ஒரு பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்தக் கோடு பல இடங்களில் வெறும் கற்பனைக் கோடு, மற்ற இடங்களில் உறுதியில்லாத குச்சிகளின்மேல் ஆடிக்கொண்டிருந்த சட்டம், அதைத் தொட்டாலும், அதன்மேல் விழுந்தாலும், அடியில் நுழைந்தாலும் சுடச் சொல்லி உத்தரவு என்கிறது அது. கற்பனைக் கோடு! சட்டம் கழன்று விழுந்த இடத்தில் கோடு எங்கே இருக்கிறதென்று மேலே பரணில் நிற்பவனுக்குத்தான் தெரியும். ஓடை மதிலுக்குள் நுழையும் மேற்குப் பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அதை மொள்ளக் கையை நீட்டினால் கை கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்படிச் செத்தவர்களைப் பற்றிப் பிழைத்து வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இதுவரை கட்டுரையாளரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் கோட்டை விர்ஸே கண்டுபிடித்தது போல எழுதியது தவறு. வடமாநிலங்கள் தென்மாநிலக் கைதிகளை அடைத்து வைத்த சிறைகளிலும் இதே பெயரில் இதே கோடு இருந்தது. சிகாகோவின் கேம்ப் டக்ளஸ் சிறை ஒன்று போதும் உதாரணத்துக்கு. வென்றவன் சிறையில் இருந்த கோட்டுக்கு விசாரணை நடக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, போர் முடிந்தது. அதற்குப் பிறகு சொல் எங்கே போயிற்று? பத்திரிகை அலுவலகத்துக்குப் போகவில்லை. போலீஸ்காரர்களிடமும் மாட்டுக்காரர்களிடமும் போயிற்று. நியூயார்க்கில் துப்பறியும் பிரிவுக்குத் தலைவராக இருந்த தாமஸ் பர்ன்ஸ், 1880-இல் ஃபுல்டன் தெருவை ஒரு 'டெட்லைன்' என்று அறிவித்தார். அந்தத் தெருவுக்குத் தெற்கே வங்கிகளும் நகைக்கடைகளும். பெயர் பெற்ற திருடன் எவனாவது அந்தப் பக்கம் நடமாடக் கண்டால் உடனே பிடித்து உள்ளே போடு என்று உத்தரவு. கன்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் ரயில் பாதைதான் 'டெட்லைன்'. அதற்கு வடக்கே ஒழுங்கான ஊர், தெற்கே சாராயக்கடையும் கூத்தும். டெக்சஸிலிருந்து ஓட்டி வரும் மாடுகளின் உண்ணியால் உள்ளூர் மாடுகளுக்குக் காய்ச்சல் பரவியபோது, இந்த எல்லைக்குக் கிழக்கே மாடு வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்த எல்லைக்கும் இதே பெயர்.

இத்தனையிலும் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாம் இடம். தெரு, தண்டவாளம், மேய்ச்சல் எல்லை. கடிகாரம் எதிலும் கிடையாது. 'இத்தனை மணிக்குள் மேட்டர் வரவேண்டும்' என்ற பொருளில் இந்தச் சொல் 1910களில்தான் அமெரிக்கப் பத்திரிகைகளில் தலைகாட்டுகிறது, 1920 வாக்கில் ஊன்றுகிறது. இடத்தைக் குறித்த சொல் காலத்துக்குப் போவது அதிசயம் இல்லை. வீட்டுக்கு முன்னே என்கிறோம், பொங்கலுக்கு முன்னே என்றும் சொல்கிறோம். என் கேள்வி, அந்த மாற்றம் யார் கையில் நடந்தது என்பதே.

இனி மிஷினுக்கு வருகிறேன். இப்போதைய பிள்ளைகள் இதைப் பார்த்திருக்க வழியில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கோத்த எழுத்தைப் பக்கமாக்கி, கல்மேல் வைத்து, சுற்றிலும் சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தைப் போட்டு, இடைவெளிகளில் மரக்கட்டை செருகி, குயின் என்கிற ஆப்பை முடுக்கி இறுக்கினால் அதற்குப் பெயர் பாரம். அந்தப் பாரத்தை அலுங்காமல் தூக்கி மிஷினின் பெட் என்கிற இரும்புத் தளத்தின்மேல் ஏற்றுவார்கள். பெட் முன்னும் பின்னும் ஓடும். மேலே சிலிண்டர் சுற்றும். சிலிண்டரில் வரிசையாக இரும்பு விரல்கள் இருக்கும், கிரிப்பர் என்று பெயர். தாளின் ஓரத்தை அவைதான் கவ்விக்கொண்டு எழுத்தின்மேல் உருட்டிக் கொண்டுபோகும். கிரிப்பர் கவ்வும் இடத்துக்கு நேர்கீழே எழுத்து இருக்கக்கூடாது. இருந்தால் இரும்பு ஈயத்தின்மேல் இறங்கும். ஆகவே பெட்டின் முன்பக்கத்தில் ஒரு கோடு. எழுத்து அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கவேண்டும்.

எங்கள் பிரஸ்ஸில் அதைக் கிரிப்பர் கோடு என்போம். அமெரிக்க மிஷின்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'டெட்லைன்'. பள்ளிகளில் அச்சுத்தொழில் படிக்கும் மாணவர்களுக்காக 1917-இல் வந்த ஓர் அமெரிக்கப் பாடநூல், எழுத்து மிஷினின் 'டெட்லைனுக்கு' வெளியே வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லித் தருகிறது. ஆண்டைக் கவனியுங்கள். பத்திரிகைக்காரர்கள் கெடு என்ற பொருளில் இந்தச் சொல்லைப் பழகிக்கொண்ட அதே காலம். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்ததும் அச்சகத்துக்கு மாடியிலோ பக்கத்து அறையிலோதான்.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு வைகாசி முகூர்த்த நெருக்கடியில் கண்ணால் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பாரத்தை ஒரு விரற்கடை முன்னுக்குத் தள்ளி ஏற்றிவிட்டான். மிஷின்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். சிலிண்டர் ஒரு சுற்றுத்தான் வந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் முதல் வரியில் 'திருவளர்ச்செல்வி' என்பதில் 'தி'யின் சுழியைக் காணோம், 'ரு' தரையோடு தரையாக நசுங்கிக் கிடக்கிறது, கிரிப்பர் விரல் ஒன்று வளைந்துவிட்டது. போர்மேன் வந்தார். "கோட்டப் பாத்து ஏத்துடான்னு எத்தன தடவ சொல்றது? ஈயம் ஒங்க அப்பன் வீட்டுக் காசா?" என்றார். கல்யாண வீட்டார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று பத்திரிகை இரவு பத்து மணிக்குப் போக வேண்டியது, மறுநாள் விடிந்துதான் போயிற்று. இடத்தில் தாண்டியது நேரத்தில் வந்து விழுந்தது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. இதை ஆதாரம் என்று சொல்லமாட்டேன். சொல் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்த இடம் இப்படிப்பட்ட அறையாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அடுத்து அந்த 'டெட்'. உங்கள் கட்டுரையாளர் அதற்கு 'மரணக்கோடு' என்று மொழிபெயர்ப்புப் போட்டு, எலும்புக்கூடு படமும் வைத்துவிட்டார். (படம் வைத்தது இணைப்பு ஆசிரியராகவும் இருக்கலாம்.) பள்ளிக்கூடத்தில் தமிழய்யா தொகையை விரிக்கச் சொல்லிக் கொடுத்தது அவருக்கு மறந்துபோயிற்று போலிருக்கிறது. தொக்கு நிற்கும் சொல் இரண்டு முதல் ஏழு வரை பொருள் பட மயங்கும் என்கிறது நன்னூல். 'தெய்வ வணக்கம்' என்பதைத் தெய்வத்தை வணங்கும் வணக்கம் என்றும் விரிக்கலாம், தெய்வத்துக்கு வணக்கம் என்றும் விரிக்கலாம். வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால் வரும் மயக்கம் இது. ஆங்கிலத்திலும் இரண்டு பெயரை ஒட்டவைத்தால் இதே கதைதான். நம்மைப்போல் அதை வகை பிரித்து மாணவர்களை அடித்துச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம்தான் அவர்களிடம் இல்லை.

'டெட்லைன்' என்பதை விரித்துப் பாருங்கள். 'சாவைத் தரும் கோடு' என்று விரித்தால் அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை, தண்ணீர்க்குடம் போல. ஆண்டர்சன்வில் அங்கே இருக்கிறது. 'செத்த கோடு', அதாவது அசைவற்ற, உயிர்ப்பற்ற கோடு என்று விரித்தால் பண்புத்தொகையின் பக்கம் போய்விடும். இரண்டாவது விரிவு என் கற்பனை அல்ல. ஓடாமல் அசையாமல் கிடக்கும் தூண்டில் கயிற்றுக்கு இதே சொல் 1860-லேயே பதிவாகியிருக்கிறது. போர் தொடங்கியதே 1861-இல்தான். ஆக, சிறை வருவதற்கு முன்பே இந்த இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன, வேறு பொருளில்.

ஆங்கிலத்தில் 'டெட்' என்று வந்தாலே பிணம் விழவேண்டும் என்பதில்லை. நம் தெருமுனையில் 'டெட் ஸ்லோ' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், யாரும் பாடை கட்டுவதில்லை. தெருக் கிரிக்கெட்டில் பந்து சாக்கடையில் விழுந்தால் பிள்ளைகள் 'டெட் பால்' என்று கத்திவிட்டு எடுத்துக் கழுவி மறுபடி போடுகிறார்கள். சில அலுவலகங்களில் மேஜை நாற்காலிக்கென்று 'டெட் ஸ்டாக்' பதிவேடு இருக்கும், அந்த நாற்காலியில்தான் ஆள் உயிரோடு உட்கார்ந்திருப்பார்.

அச்சகத்தில் இந்தச் சொல் எங்கள் வாயில் நாள் முழுக்கப் புரளும். அடித்து முடிந்து, இனி வேண்டாம் என்று ஒதுக்கிய எழுத்துக் கோப்புக்கு 'டெட் மேட்டர்' என்று பெயர். கட்டை அவிழ்த்து, எழுத்தை ஒவ்வொன்றாகக் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறைக்குள் திருப்பிப் போடவேண்டும். 'கலைத்துப் போடுவது' என்போம். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் புதுப்பையன்களுக்கு அதுதான் வேலை. ஓடப்போகிற கோப்பு 'லைவ் மேட்டர்'. அடுத்த மாதமும் வேண்டும் என்று கட்டியபடியே வைப்பது 'ஸ்டாண்டிங் மேட்டர்', சங்கத்து ரசீது மாதிரி. இந்தப் பெயர்களெல்லாம் ஆங்கிலேய, அமெரிக்க அச்சகங்களிலிருந்து மிஷினோடு மிஷினாக இங்கே வந்து இறங்கியவை. எது உயிர், எது செத்தது என்ற பேச்சிலேயே குடியிருந்த தொழிலில், எழுத்து நிற்கமுடியாத ஓரத்தின் கோட்டைச் செத்த கோடு என்று சொல்ல ஜார்ஜியாவரை போகவேண்டிய அவசியம் இருந்திருக்குமா?

நியாயமாக, எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். மிஷின் கோட்டுக்கே சிறைக் கோட்டை நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று ஒருவர் வாதிடலாம். விர்ஸ் விசாரணை நாடு முழுக்கப் பத்திரிகைகளில் ஓடியது. அதைக் கோத்தவர்கள் கம்பாசிட்டர்கள், ஓட்டியவர்கள் மிஷின்மேன்கள். பர்ன்ஸின் தெருவும் மாட்டு எல்லையும் அந்தப் பொருளை நாற்பது ஆண்டாக உயிரோடு வைத்திருந்தன. இந்த வாதத்தை நான் தள்ளமாட்டேன். அப்படியே இருந்தாலும் சொல் சிறையிலிருந்து ஆசிரியர் மேஜைக்கு நேராக நடந்து போகவில்லை, வழியில் எங்கள் அறைக்குள் நுழைந்து மை அப்பிக்கொண்டுதான் போயிருக்கிறது. கவனமான அகராதிக்காரர்கள் சிறைக் கதையைச் சொல்லும்போது 'ஒருவேளை அதன் தாக்கம் இருக்கலாம்' என்று எழுதுகிறார்கள். அந்த 'ஒருவேளை'யை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தது உங்கள் பத்தி.

இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். பத்தி வந்த மறுநாளே அது வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. உங்கள் பத்திரிகையின் பெயர் போய்விட்டது, எலும்புக்கூடு மட்டும் இருந்தது. என் பேரன் அதைப் பள்ளி வினாடிவினாவுக்குக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் நான் இதையெல்லாம் சொன்னேன். "தாத்தா, ஆப்ஷன் ஏ, பி, சி, டி-ல ஒண்ணுதான் சொல்லமுடியும்" என்கிறான். அவனோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு 'ஹெட்லைன்' என்ற சொல் என்று பத்தியின் அடியில் அறிவித்திருக்கிறீர்கள். அதுவும் இதே தொழிலின் கூட்டுச்சொல்தான். செய்தித்தாள் வந்த பிறகு பிறந்தது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே அச்சகத்தில் அந்தச் சொல் உண்டு. புத்தகப் பக்கத்தின் உச்சியில் நூலின் பெயரும் பக்க எண்ணும் தாங்கி ஓடும் வரிக்கு அது பெயர். செய்திக்குமேல் கொட்டை எழுத்தில் போடும் தலைப்புக்கு அது வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அந்த உச்சி வரியைக் கோக்கும்போது இடதுபக்கத்துக்கு எண் இடது ஓரத்திலும் வலதுபக்கத்துக்கு வலது ஓரத்திலும் வரவேண்டும். மாறிப்போனால் புத்தகம் கட்டும்போது எண் தையலுக்குள் போய்விடும். கட்டுரையாளருக்கு வேறு ஏதேனும் விவரம் தேவைப்பட்டால் என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. சந்தா இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி,
சாத்தூர்.